தலைவைத்துப் படுக்காதீர்கள்

"'குழந்தைகளோடு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், மூன்று நாள் நான் பட்ட பாடு போதும்'னு ஒருத்தர் எழுதியிருக்கார்" என்று மனைவி கைபேசியில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி வாசித்தபோது, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனின் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கி வேகம் குறைந்தது. என்ன என்று கேட்டாள். பள்ளம் என்றான். சாலையில் பள்ளம் எதுவும் இல்லை. அந்த வரியை எழுதியவன் அவன்தான். பதினான்கு மாதத்துக்கு முன்னால், வெளியூர் லாட்ஜ் ஒன்றில், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடந்த நேரம் போக மிச்ச நேரத்தில் படுத்தபடியே எழுதியது. 'தலைவைத்துப் படுக்காதீர்கள்' என்ற சொல் வந்து விழுந்தபோது அத்தனை வலியிலும் அவனுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது அதே வரி மனைவியின் வாயிலிருந்து, பின்சீட்டில் அழுகிற இரண்டு குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே வந்து விழுந்தது.

மணி இரண்டரை. மனைவியின் அக்கா வீட்டுக்குப் போகிற ஆறு மணி நேரப் பயணம் அது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் நெடுஞ்சாலையில் வழக்கமாக நிற்கிற பெரிய ஹோட்டலில் சாப்பிட்டிருக்க வேண்டும். பாலத்துக்குக் கிட்டே ஒரு டேங்கர் கவிழ்ந்து, எல்லா வண்டிகளையும் பழைய ரோட்டில் திருப்பி விட்டுவிட்டார்கள். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டுப் பையின் மேலேயே ஐந்து வயதுப் பெரியவள் பதினோரு மணிக்கு வாந்தி எடுத்திருந்தாள். பிஸ்கட் தீர்ந்துவிட்டது. பால் பாட்டிலின் அடியில் இருந்த கடைசி வாயையும் இரண்டு வயதுச் சின்னவன் உறிஞ்சிவிட்டு, காலி பாட்டிலை அக்காவின் மேல் எறிந்தான். பழைய ரோட்டில் வழி நெடுகத் தெரிந்தவை பூட்டிய ஷட்டர்கள்தான். அடுத்த டவுனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்று மேப் காட்டியது. அதற்குள் வழியில் இருப்பது அந்த ஒரே கடை, நான்கு கிலோமீட்டரில்.

பல் டாக்டர்களின் நாற்காலியைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. மாதத்தில் இருபது நாள் வெளியூர். மேலே ஏறாத நாற்காலி, எண்ணெய் ஒழுகும் அடிப்பாகம், எச்சிலை உறிஞ்சாத குழாய் என்று காலையில் குனிந்தால் நிமிர மத்தியானம் ஆகிவிடும். நிமிர்ந்ததும் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று தேடுவதுதான் அந்த அலைச்சலில் அவனுக்கு இருந்த ஒரே சுகம். லாரி நிற்கிற இடம் பார்ப்பான், கம்பவுண்டரிடம் கேட்பான், சந்துக்குள் நுழைந்து மோப்பம் பிடிப்பான். சாப்பிட்டதைப் பற்றி 'நாலு முழ நாக்கு' என்ற பெயரில் மேப்பில் எழுதிப் போடுவான். வீட்டில்கூடச் சொன்னதில்லை. சொன்னால், மாசம் பூரா எண்ணெயும் காரமுமா தின்னுட்டு அதை ஊருக்கும் சொல்றீங்களா என்பாள். அந்தப் பெயரை ஆயிரக்கணக்கானவர்கள் தேடிப் படித்தார்கள். ஆபீசில் யாரும் மதிக்காத ஒரு மெக்கானிக்கின் பேச்சை, முகம் தெரியாத ஒரு கூட்டம் வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

அன்று அந்தக் கடையில் மத்தியானம் மீன் சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி வயிறு புரட்டிப் போட்டது. எழுதிவிட்டான். நாலாம் நாள் ஆபீசுக்குப் போனால், மீன் சாப்பிட்ட நாள் காலையில் ஒரே ஆஸ்பத்திரியில் அவனோடு வேலை பார்த்த எக்ஸ்ரே மெஷின்காரர் கையில் டிரிப்ஸ் போட்ட தழும்போடு உட்கார்ந்திருந்தார். அவர் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டது ஒன்றே ஒன்றுதான், பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் பாதிப் பாதியாகப் பிய்த்துக்கொண்ட க்ரீம் பன். உடனே அழித்திருக்கலாம். அழிக்கத்தான் கைபேசியை எடுத்தான். அதற்குள் இருநூறு பேர் அதைப் பயனுள்ளது என்று குறித்திருந்தார்கள். கீழே ஒரு பெண், 'நாங்கள் குழந்தைகளோடு அங்கேதான் நிறுத்துவதாக இருந்தோம், நீங்கள் என் பிள்ளைகளைக் காப்பாற்றினீர்கள், நன்றாக இருப்பீர்கள்' என்று எழுதியிருந்தாள். அவனை அதுவரை யாரும் அப்படி வாழ்த்தியதில்லை. நாளைக்கு அழிக்கலாம் என்று மூடி வைத்தான். நாளை என்பது வாரமாகி, மாதமாகி, ஒரு கட்டத்துக்குப் பிறகு நினைவுக்கு வராமலே போய்விட்டது.

"வேணாங்க, அடுத்த டவுனுக்கே போயிடலாம்" என்றாள் மனைவி. சின்னவன் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் குத்திக் குத்திப் பார்த்ததை அவள் இன்னும் தூக்கத்தில் சொல்வாள். யாரோ ஒருத்தன் எழுதுவதையெல்லாம் நம்பினால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்று அவன் சொல்லிப் பார்த்தான். மூன்று நாள் படுத்தவர் பொய்யா சொல்லப் போகிறார், அவருக்கு என்ன கடைக்காரன் மேல் முன்பகையா என்று அவள் கேட்டாள். எழுதியவனுக்காக மனைவி அவனிடமே வாதாடிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சொன்னால் அடுத்த கேள்வி, தப்பென்று தெரிந்ததும் ஏன் அழிக்கவில்லை என்பதாக இருக்கும். வாயை மூடிக்கொண்டான்.

அப்போது பெரியவள் மறுபடி ஓங்கரித்தாள். வெறும் வயிறு, வந்தது மஞ்சள் நீர் மட்டும். அழக்கூடத் தெம்பில்லாமல் தலையைக் கார்க் கதவில் சாய்த்து, "அப்பா, எனக்கு சோறு மட்டும் போதும்பா" என்றாள். எது வைத்தாலும் நாலு நொட்டை சொல்கிற பிள்ளை. அவன் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கடையின் போர்டு தெரிந்ததும் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைத் திருப்பினான். மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தியதும் சின்னவனைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கினாள்.

போன தடவை அவன் இடம் கிடைக்காமல் நின்று சாப்பிட்ட கடை. இப்போது ஆறு மேசைகளும் காலியாக இருந்தன. எல்லா மேசையும் துடைத்துத் துடைத்து மேற்பூச்சு வெளுத்திருந்தது. மூலையில் புதிதாகத் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின், அதன் மேல் எந்தத் தேதியில் ஃபில்டர் மாற்றியது என்று எழுதி ஒட்டிய தாள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை இடுப்பளவுக்கு இடித்துவிட்டிருந்தார்கள். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. சிமெண்ட் பூச்சுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. கடைக்காரர் ஐம்பத்தைந்து வயது இருப்பார். ஆள் வந்த சந்தோஷத்தில் எழுந்தவர், குழந்தைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அவனுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. அவருக்கு இவனைத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அன்று கூட்டத்தில் ஒருவனாக வந்துபோனவன். ஆனாலும் முகத்தைக் கழுவுகிற சாக்கில் குழாய்ப் பக்கம் போய் நேரம் கடத்தினான்.

கடைக்காரர் ஆர்டர் கேட்பதற்கு முன்னால், மேப்பில் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா என்று மனைவியிடம் கேட்டார். பார்த்தோம் என்றாள் அவள், ஒளிக்காமல். குழந்தைகளோடு வருகிறவர்களிடம் தானே முதலில் சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். உட்கார்ந்த பிறகு கைபேசியில் பார்த்துவிட்டு, பாதியில் எழுந்து போகிறவர்களின் முதுகைப் பார்ப்பதற்கு இது தேவலை. சமையலறையை வந்து பாருங்கள், பார்த்துவிட்டுப் பிடித்தால் சாப்பிடுங்கள் என்றார். மனைவி போனாள். பாத்திரங்களின் மூடியைத் திறந்து பார்த்தாள், தண்ணீரை மோந்து பார்த்தாள், கத்தி வைக்கிற இடத்தைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த கடைக்காரரின் மனைவி, பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கும் பிள்ளை மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். திரும்பி வந்த மனைவி அவன் காதருகே குனிந்து, நம்ம வீட்டைவிடச் சுத்தமா இருக்குங்க என்றாள். குரலில் இருந்த முறுக்கு கொஞ்சம் இளகியிருந்தது. சோறு, பருப்பு, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு வறுவல் என்று சொன்னார்கள். மீன் இருக்கா என்று அவன் வாய் தவறிக் கேட்டுவிட்டான். மீன் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு சார் என்றார் கடைக்காரர்.

கால் மணியில் சோறு வடித்த வாசனை வந்தது. பருப்பு தாளித்த சத்தம் கேட்டது. பெரியவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சின்னவன் தட்டைக் கையால் தட்டித் தட்டிக் கத்தினான். ஆனால் சாப்பாடு வரவில்லை. ஐந்து நிமிடம் போனது. மனைவி எட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம் போனது. அடுப்பு அணைந்திருந்தது, பாத்திரங்கள் மூடியிருந்தன, எல்லாம் தயார். சின்னவனின் அழுகை ஏறி ஏறி இப்போது மூச்சுப் பிடிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது. பெரியவள் இறங்கிப் போய் இடித்த சுவரின் மேல் மோவாயை வைத்து உள்ளே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, அந்த ஆன்ட்டி நம்ம சாப்பாட்ட சாப்டுட்டாங்க."

மனைவி எழுந்துவிட்டாள். பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறதே, என்ன நடக்கிறது இங்கே என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றைச் சொல்பவர்போல மெதுவாகச் சொன்னார். அந்த எழுத்தை மகள்தான் வெளியூரிலிருந்து போனில் படித்துக் காட்டினாள். மூன்று நாள் படுத்த மனுஷனுக்கு எதனால் அப்படி ஆனது என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அதை மட்டும் சரி செய்திருக்கலாம். எது என்று தெரியாததால் தண்ணீரை மாற்றினார்கள், தொட்டியை மாற்றினார்கள், பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிப் போட்டார்கள், சுவரை இடித்தார்கள். ஸ்கூல் பஸ்கள் நிற்கிற கடை இது, அவை நிற்பதை நிறுத்திவிட்டன. "அதுகூடப் பரவால்லம்மா. இவ மனசுல பூந்துடுச்சு. குழந்தைங்க வந்தா, ஆக்கினதுல எல்லாத்துலயும் ஒரு வாய் இவ மொதல்ல சாப்புடுவா. அரை மணி நேரம் உக்காந்திருப்பா. ஒண்ணும் பண்ணலன்னாதான் தட்டுல போடுவா. அரை மணியில என்னடி தெரியும்னு நானும் கத்திப் பாத்துட்டேன். கேக்கமாட்டா."

அவன் உள்ளே பார்த்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாப்பிட்ட தட்டு. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. கண் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. சின்னவன் அழுகிற ஒவ்வொரு தடவையும் அவள் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது, ஆனால் எழவில்லை. இப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்று ஒரு எண்ணம் ஓடியது. இன்னும் இருபது நிமிடம், சாப்பாடு வந்துவிடும், சாப்பிட்டுவிட்டு அருமை என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம், வண்டியில் ஏறியதும் யாருக்கும் தெரியாமல் அழித்துவிடலாம். கணக்கு நேராகிவிடும். அந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவனை எழுப்பியது. எங்கே போறீங்க என்று மனைவி கேட்டாள். அவன் இடித்த சுவரைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போய் அந்தப் பெண்ணின் முன்னால் நின்றான்.

"நீங்க காத்திருக்க வேணாங்க" என்றான். "அது உங்க சாப்பாட்டால வந்ததில்ல. அத எழுதினவன் நான்தான்."

அவள் கடிகாரத்திலிருந்து பார்வையை எடுத்து அவனைப் பார்த்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. "மீன் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லங்க."

"வாங்கும்போதே மீனோட கண்ணு கலங்கலா இருந்துச்சு. அதுதான்னு நெனச்சேன்."

"இல்லங்க. மீன் நல்லா இருந்துச்சு."

"தண்ணி?"

"தண்ணியும் இல்ல."

அவள் வலது கையை விரித்து, ஆள்காட்டி விரலை அவனுக்குக் காட்டினாள். நுனியில் நூல்போல ஒரு பழைய வடு. "அன்னிக்கு வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கிட்டேன். துணி சுத்திக்கிட்டுத்தான் பரிமாறுனேன். அதுவா இருக்குமோன்னு..." என்று நிறுத்தினாள். இந்த ஒன்றை அவள் புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை என்பது, பின்னால் நின்ற கடைக்காரர் அந்த விரலை எட்டிப் பார்த்த விதத்தில் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் தின்ற பன், அதில் பாதி தின்ற இன்னொருத்தரும் படுத்துவிட்டார் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னான்.

"அது எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் இருந்தது. "நாலாம் நாள்" என்றான்.

கடைக்காரர் அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இடித்த சுவரின் சொரசொரப்பான விளிம்பை உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். "நாலாம் நாள்" என்று மட்டும் சொன்னார். ஹாலில் சின்னவனின் அழுகை நின்றிருந்தது. மனைவி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பையிலிருந்து கைபேசியை எடுத்தான். இப்பவே அழிச்சிடறேன் என்றான்.

"அழிக்காதீங்க" என்றார் கடைக்காரர். "அழிச்சா, எழுதினதும் தெரியாது, பொய்னு ஆனதும் தெரியாது. எங்களுக்குன்னு என்ன மிஞ்சும்? அதுக்குக் கீழயே எழுதுங்க. நாக்கு மூக்குன்னு இல்ல, உங்க சொந்தப் பேரப் போட்டு. எழுதிட்டு இவகிட்ட படிச்சுக் காட்டுங்க."

அவன் அங்கேயே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தான். காலியான ஒரு தட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதக்கூடியவன். ஊறுகாய்க்கு உவமை சொல்லி நூறு பேரைச் சிரிக்க வைத்தவன். இப்போது முதலில் தன் பெயரை எழுதினான். அடுத்த சொல் வரவில்லை. 'மன்னிக்கவும்' என்று எழுதிவிட்டு அழித்தான். 'ஒரு சின்னத் தவறு' என்று எழுதிவிட்டு, சின்ன என்பதை அழித்தான். தலைக்கு மேலே மனைவியின் குரல் கேட்டது. "கார்ல நான் வாசிச்சப்பவாவது சொல்லியிருக்கலாம்ல." கோபமாகச் சொல்லவில்லை. அவன் யாரென்று புதிதாக விசாரிப்பதுபோல இருந்தது. அவன் நிமிரவில்லை. நாலாம் நாளே தெரியும் என்ற வரியை முதலில் எழுதினான். அதற்குப் பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. எழுதி முடித்து, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற பையன்போல கடைக்காரரின் மனைவிக்குப் படித்துக் காட்டினான். அழகாக ஒன்றும் இல்லை. ஏழு வரிகள்தான். போட்டுவிட்டான்.

கேட்டுக்கொண்டிருந்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்றாள். "போய் உக்காருங்க."

அதான் அவரே சொல்லிட்டாரே, பிள்ளைங்க பசியில துடிக்குது, எடுத்துப் போடு என்று கடைக்காரர் அதட்டினார்.

"அன்னிக்கும் அவர் சொன்னதத்தான நம்பினேன்" என்றாள் அவள்.

கடைக்காரர் வெளியே போய்க் குழாயைத் திறந்து, கழுவி அடுக்கிய தட்டுகளை மறுபடி கழுவ ஆரம்பித்தார். மனைவி சின்னவனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டாள். களைத்துவிட்டான் போலிருக்கிறது என்று அவன் நினைத்தான். ஆனால் இறக்கிவிட்டதும் பையன் தளர்நடையாகச் சுவரைச் சுற்றி நடந்து, அப்பாவைத் தாண்டி, அரிசி மூட்டையைத் தாண்டி, நேரே அந்தப் பெண்ணின் முழங்காலைப் போய்ப் பிடித்துக்கொண்டான். ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்த அவள் தட்டில், பருப்பு ஊறிய சோறு இன்னும் இரண்டு வாய் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்து வாயைத் திறந்தான்.

அவள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்தாள். அவள் தட்டைக் கிட்ட இழுத்தாள், சோற்றைப் பிசைந்தாள், சின்ன உருண்டையாக உருட்டினாள். மூன்று விரலில் எடுத்துத் தூக்கிய கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு பருக்கை நழுவி அவள் மடியில் விழுந்தது. பையன் வாயைத் திறந்தபடியே, அவள் முழங்காலை இறுகப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி, அந்தக் கையை நோக்கி எம்பிக்கொண்டிருந்தான்.